கூறு சொல்கிறவன்

1

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் யார் கூப்பிட்டாலும் நான் எங்கும் போவதில்லை. ஆக்லாந்தில் குடியேறிய முதல் வருடத்திலிருந்து இதுதான் பழக்கம். துவைத்த துணிகளை மடித்து அடுக்குவேன். அடுத்த வாரத்துக்கான சட்டைகளைத் தேய்த்து மாட்டுவேன். பிறகு சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து, கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் ஓர் அழைப்புக்காகக் காத்திருப்பேன். அங்கே அப்போது காலை ஒன்பது மணி. இங்கே கோடையில் நாலரை, குளிர்காலத்தில் மூன்றரை. இந்த நாட்டில் வருடத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை நகர்த்துவார்கள் என்று நான் சொன்னபோது ஏழுமலை நம்பவில்லை.

“இன்னா சாமி, உங்க ஊர்ல நேரத்தைக்கூட இஷ்டத்துக்கு மாத்திக்குவாங்களா?”

அழைப்பு மூன்று நிமிடத்துக்கு மேல் நீடிக்காது. அதற்குள் என் வேலை முடிந்துவிடும். வேலை இதுதான்: ஏரிக்கரையில் தூண்டில் போட்டு முடித்ததும், அன்று கிடைத்த மீன்களையெல்லாம் ஒன்றாகக் கொட்டி, ஆளுக்கு ஒன்றாகக் கூறு போடுவார்கள். யார் தூண்டிலில் எது மாட்டியது என்ற பேச்சே கிடையாது. ஒருவர் மீனுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு, “இது யாருக்கு?” என்று கேட்பார். திரும்பி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்வார். சொன்ன பெயருக்கு அந்தக் கூறு. சிறிசோ பெரிசோ, அப்புறம் பேச்சில்லை.

திரும்பி நிற்கிறவன் நான். கடல்களுக்கு இந்தப் பக்கத்திலிருந்து.

2

நான் மீன் சாப்பிடுகிறவன் இல்லை. திருவள்ளூரில் கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்த குடும்பம் எங்களுடையது. படித்து முடித்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருட்டாலையில் தரப் பரிசோதகனாகச் சேர்ந்தேன். கம்பிகளின் கனத்தை அளந்து எழுதுவது வேலை. தினமும் திருவள்ளூரிலிருந்து வந்துபோக முடியாததால், அதே ஆலையில் கிரேன் ஓட்டிய சாமுவேலின் வீட்டுக்குப் பின்னாலிருந்த அறையில் வாடகைக்கு இருந்தேன்.

சாமுவேலுக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவன் ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் ஏழுமலை. இன்னொருவன் எளாவூரில் லாரி எடை மேடையில் வேலை பார்த்த ரத்தினம். ரத்தினத்துக்கு வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். மூவரும் ஞாயிறு விடிந்ததும் மூங்கில் கம்புகளையும் மண்புழு டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிவிடுவார்கள். அறையில் தனியாக என்ன செய்வது என்று நானும் போக ஆரம்பித்தேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த நாட்களில் கூறு சொல்கிறவன் ரத்தினம். அவனுக்கே எப்போதும் பெரிய கூறு விழுந்துகொண்டிருந்தது. ஒருநாள் சாமுவேல் அவன் நிற்கும் இடத்தில் போய் நின்று பார்த்தான். எதிரே நிறுத்தியிருந்த வண்டியின் கண்ணாடியில் மீன் கூறுகள் மூன்றும் அழகாகத் தெரிந்தன.

“அடப்பாவி! இத்தினி நாளா கண்ணாடில பாத்துகினா சொன்ன?”

“நைனா, சத்தியமா இல்ல. தலைமயிர் கலைஞ்சிடிச்சான்னு பாத்துகினு இருந்தேன்.”

“உன் தலைல கீற நாலு மயிருக்குக் கண்ணாடி ஒரு கேடா?”

அன்று ஏழுமலைதான் யோசனை சொன்னான். மீன் தின்னாதவன் சொல்லட்டும். அவனுக்கு எந்தக் கூறும் வேண்டாம், எட்டிப் பார்க்கவும் தோன்றாது. அப்படி எனக்கு அந்தப் பதவி வந்தது.

பெயர் சொல்லி முடித்ததும் சமையல் பேச்சு தொடங்கும். வீட்டுக்குப் போகும்வரை ஓயாது. எங்க வீட்டில் மாங்காய் போட்டு வைப்பாள் என்பான் ஏழுமலை. அது குழம்பா ஊறுகாயா என்பான் ரத்தினம். உங்க வீட்டுக் குழம்பு ஒரு சொட்டு கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஏழுமலை திருப்பிக் கொடுப்பான். சாமுவேல் எல்லாரும் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டுச் சொல்வான்:

“எங்க ஊட்ல இன்னிக்கு வைக்கிற கொழம்பை இன்னிக்குத் தொடவுட மாட்டா. நாளைக்குக் காலைல நாஷ்டாவுக்கு இட்லிகூட ஊத்துவா. அத்த துன்னுட்டுப் பேசுங்கடா.”

நான் திருவள்ளூரிலிருந்து கொண்டுவந்த புளியோதரையைப் பிரிப்பேன். மூவரும் கையை நீட்டுவார்கள்.

“சாமி, இது மேல ஒரு கெண்டை வறுத்து வச்சா எப்டி இருக்கும் தெரியுமா?” என்பான் ரத்தினம்.

“டேய், பெருமாளுக்குப் பண்றதுடா அது. கன்னத்துல போட்டுக்கோ” என்பான் ஏழுமலை. ரத்தினம் ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு மறு கையால் இரண்டாவது உருண்டையை எடுப்பான்.

சாமுவேலின் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிட்டேன். மீன் சமைக்கும் நாட்களில் எனக்கென்று மீன் வாடை படாத ஒரு பாத்திரத்தில் ரசம் வைத்துத் தருவார். ஏரிக்கரையில் அவ்வளவு பேசப்பட்ட அந்தக் குழம்பு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது. அதன் வாசனை மட்டும் தெரியும். அண்ணியைப் பற்றியும் எனக்கு அந்த அளவுதான் தெரிந்திருந்தது என்பது பின்னால் புரிந்தது.

3

ஆக்லாந்துக்கு வந்த முதல் ஞாயிறே போன் அடித்தது. பின்னணியில் காற்றின் இரைச்சல்.

“சாமி, கூறு போட்டாச்சு. திரும்பி நில்லு” என்றான் சாமுவேல்.

எங்கே திரும்புவது என்று கேட்டேன்.

“அதுவும் சரிதான். இனிமே நீ எட்டிப் பாக்கணும்னாலும் பிளேன் ஏறித்தான் வரணும். சொல்லு, இது யாருக்கு?”

அன்றிலிருந்து ஓரிரு மழைக்காலங்கள் நீங்கலாக அந்த அழைப்பு நின்றதில்லை. இங்கே என் நாட்கள் ஒழுங்கானவை. வேலை, வீடு, மகளின் பள்ளி, சனிக்கிழமை தமிழ் வகுப்பு. விசா நீட்டிப்பு, நிரந்தர வாசம், ஓட்டுநர் உரிமம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கோப்பு; ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு நிறம். ஓர் அலுவலகத்தில் என் பெயரில் எது குடும்பப் பெயர் என்று கேட்டார்கள். அப்பா பெயரைச் சொன்னேன். அன்றிலிருந்து எல்லாக் கடிதங்களும் அப்பாவை விளித்தே வருகின்றன. அலுவலகத்திலும் என்னை அப்பா பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

மாலை நடையில் ஒரு மீன்பிடி மேடையைக் கடந்து போவேன். பிடித்த மீனை அளவுகோலில் வைத்துப் பார்த்து, சட்டம் சொல்லும் நீளம் இல்லையென்றால் கடலிலேயே விட்டுவிடுவார்கள். சிலர் எவ்வளவு பெரிய மீனானாலும் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். இதைச் சொன்ன அன்று ஏரிக்கரையே கொந்தளித்தது.

“திருப்பி வுட்டுடுவானா? அப்ப எதுக்குப் போறான்? மீனுக்கு குட்மார்னிங் சொல்லவா?” இது ரத்தினம்.

“பொண்டாட்டிக்குக் கொழம்பு வைக்கத் தெரியாதுபோல. வேற இன்னா பண்ணுவான், பாவம்” என்றான் ஏழுமலை.

என் மகள் யாமினி இந்த அழைப்புகளைப் பக்கத்திலிருந்து கேட்டு வளர்ந்தவள். ஒருநாள், அவர்கள் பேசுவது என்ன மொழி என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தமிழ்தான் என்றேன். வகுப்பில் சொல்லித் தருவது வேறு மாதிரி இருக்கிறதே என்றாள். இரண்டும் ஒன்றுதான் என்று விளக்கப் பார்த்தேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. நான் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் வருகிறது. போன வருடம் பள்ளி முகாமுக்குப் போய்வந்து, அங்கே மீன் சாப்பிட்டேன் என்றாள். பயமோ அறைகூவலோ இல்லை, சும்மா சொன்னாள். என் மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். வீட்டில் சில நாட்கள் பேச்சு குறைந்திருந்தது. ஞாயிறன்று மனம் தாங்காமல் ரத்தினத்திடம் சொன்னேன்.

“இன்னா மீனு? வறுவலா கொழம்பா?” என்றான்.

சாமுவேல் போனை அவனிடமிருந்து வாங்கினான். “சாமி, கொழந்தை உன்னாண்ட வந்து சொல்லிச்சில்ல? மறைக்கல இல்ல? அப்புறம் இன்னா பேஜாரு உனக்கு?”

அதற்கு மேல் அவன் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. இது யாருக்கு என்று கேட்டான். அந்த வாரம் பெரிய கூறு அவனுக்குத்தான் விழுந்ததாக ஏழுமலை சொன்னான்.

4

சாமுவேல் இறந்தது ஒரு வேலை நாளில். ஆலையிலிருந்து வீட்டுக்கு வந்து, குளிக்கத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஏழுமலை போனில் செய்தியைச் சொல்லிவிட்டு, நான் பேசுவதற்குள் வைத்துவிட்டான். என் கடவுச்சீட்டு அப்போது புதுப்பிப்பதற்காகக் கொடுக்கப்பட்டிருந்தது. அது கைக்கு வந்தபோது கல்லறை மண் காய்ந்திருக்கும். அடக்கத்தை ரத்தினம் போனில் காட்டினான். படம் நடுங்கிக்கொண்டே இருந்தது. அண்ணி அழாமல் நின்றிருந்தார். கல்லூரியில் படிக்கும் மகன் அவர் தோளைப் பிடித்திருந்தான்.

அடுத்து வந்த ஞாயிறுகளில் போன் அடிக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்வதை மட்டும் நான் விடவில்லை. போன் அடிக்காததற்கு, அவர்கள் ஏரிக்குப் போகவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. இரண்டு பேருக்குக் கூறு சொல்ல ஆள் தேவையில்லை. ஒருவன் பிரித்து வைப்பான், மற்றவன் பிடித்ததை எடுத்துக்கொள்வான். அவர்கள் மறுபடி ஏரிக்குப் போனாலும் என்னைக் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லை. திருவள்ளூரில் அப்பாவும் அம்மாவும் இல்லை. வீடு தம்பியின் குடும்பத்துக்கென்று ஆகிவிட்டது. அந்த மாவட்டத்தில் நான் இல்லாமல் நடக்காத காரியம் என்று ஒன்று இருந்ததென்றால், அது வாரத்துக்கு மூன்று நிமிடம் நடந்த இந்தக் காரியம்தான்.

பிறகு ஒரு ஞாயிறு போன் அடித்தது.

“ரெண்டு கூறுதான் சாமி” என்றான் ஏழுமலை. “நாங்களே பிரிச்சிக்கலாம். ஆனா கையி தானா உன் நம்பருக்குப் போய்டிச்சி. இன்னொரு வாட்டி சொல்லிடு. இது யாருக்கு?”

“சாமுவேல்” என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. இத்தனை வருடம் அந்தக் கேள்விக்கு மூன்று பெயர்களில் ஒன்றைச் சொல்லிப் பழகிய வாய். சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

“இன்னாப்பா சொன்ன?” என்றது ரத்தினத்தின் குரல்.

“தப்பு, தப்பு. மன்னிச்சிடுங்கடா. ஏழுமலைன்னு வச்சிக்கோங்க” என்றேன்.

“அதெப்படி வச்சிக்க முடியும்?” என்றான் ஏழுமலை. அவன் குரல் தாழ்ந்திருந்தது. “சொன்னது சொன்னதுதான். என்னிக்காச்சும் மாத்திகீறமா? இது அவன் கூறு. அவன் ஊட்டுக்குத்தான் போவணும். இன்னொரு கூறை நாங்க ரெண்டு பேரும் பாதி பாதி எடுத்துக்கறோம்.”

“நான் போமாட்டேன் நைனா. மீனைத் தூக்கிகினு அந்த ஊட்டு வாசல்ல போய் எந்த மூஞ்சை வச்சிகினு நிப்பேன்?” என்றான் ரத்தினம்.

“நீ வாணாம். நான் போறேன். திருப்பிக் குடுத்துட்டாங்கன்னா இதோட எல்லாத்தையும் வுட்டுறலாம். ஏரியும் வாணாம், கூறும் வாணாம்.”

போன் நின்றது.

5

மறுநாள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டைப் பிரித்தபோது அண்ணியின் அழைப்பு வந்தது. அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். அவர் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். கிளம்பும் முன் பேசுகிறார் போலும். நான் டப்பாவை மூடிவிட்டு வெளியே மாடிப்படியில் போய் நின்றேன்.

“சாமி, நீங்கதான் அவர் பேரைச் சொன்னீங்களாம்?”

“வாய் தவறி வந்துட்டது அண்ணி. மன்னிச்சிடுங்க.”

“ஏழுமலை வாசல்லியே நின்னுகினு பையை நீட்டினாரு. கெளுத்தி. ரெண்டு விரால். வாங்கிட்டேன். ஆய்ஞ்சி, கொழம்பு வச்சி, எறக்கினேன். எறக்கிட்டு, காலைக்குன்னு வைக்காம அப்பவே தட்டு எடுத்து வச்சேன் சாமி. மூணு தட்டு. எனக்குத் தெரியல, கையி எடுத்து வச்சிடிச்சி. புள்ள அந்த மூணாவது தட்டையே பாத்துகினு இருந்தான். அப்புறம் எழுந்து வெளிய போய்ட்டான். கொழம்பு அப்டியே கீது.”

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“இனிமே அவர் பேரைச் சொல்லி என் ஊட்டுக்கு மீன் வரக் கூடாது.”

“சரி அண்ணி. வராது. நான் ஏழுமலைகிட்ட சொல்லிடறேன்.”

“இருங்க. மீன் வரக் கூடாதுன்னு சொல்லல. அவர் பேர்ல வரக் கூடாதுன்னேன்.” பாத்திரம் ஒன்றை நகர்த்தி வைக்கும் ஓசை கேட்டது. “தண்ணியாண்ட உக்காந்தவங்களுக்குத்தானே கூறு? அவரு கம்பு ஊட்லதான் சாத்தி கீது. நான் வந்து உக்கார்றேன்.”

எனக்கு உடனே பிடிபடவில்லை. “நீங்க தூண்டில் போடுவீங்களா அண்ணி?”

“போடுவீங்களாவா? கல்யாணத்துக்கு முன்ன எங்க ஊரு ஏரில நான் போடாத தூண்டிலா? எங்க அண்ணனுங்களுக்கே நான்தான் முள்ளுல புழு கோத்துக் குடுப்பேன். கட்டிக்கினு வந்த புதுசுல நானும் வரேன்னு இவராண்ட கேட்டேன். ஆம்பளைங்க ஏதேதோ பேசிகினு இருப்போம், நீ எதுக்குன்னுட்டாரு. அப்புறமும் எத்தினியோ வாட்டி கேட்டேன். நீ கொழம்பு வையி, அது போதும்னுட்டாரு. நல்ல மனுசன்தான். இது ஒண்ணு மட்டும் அவருக்குப் புரியல.”

அந்த வேப்பமரத்தடியில் எத்தனை ஞாயிறுகள் அவர் வைத்த குழம்பைப் பற்றிப் பேசியிருக்கிறோம்! பேசியவர்களில் ஒருவனுக்கும் அவர் தூண்டில் போடுவார் என்று தெரியாது. சாமுவேலுக்குத் தெரிந்திருந்தது, அவன் சொல்லவில்லை. ஒரே முற்றத்தில் குடியிருந்த நானும் கேட்கவில்லை.

6

அன்று இரவே ஏழுமலைக்கும் செய்தி எட்டிவிட்டது. மறுநாள் மாலை, நான் வேலை முடிந்து ரயிலில் திரும்பும்போது கூப்பிட்டான். பேச்சில் தயக்கம்.

“சாமி, அண்ணி வரேன்றாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா சாமுவேல் போயி இன்னும் வருசம்கூட ஆவல. ஏரிக்கரைல ரெண்டு ஆம்பளைங்ககூட வந்து உக்காந்தா ஊர்ல இன்னா பேசுவாங்கன்னு ரத்தினம் கேக்கறான். பேசத்தான் பேசுவாங்க. அண்ணியாண்ட வாணாம்னு சொல்லவும் வாய் வரல. நீ ஒரு வார்த்தை சொல்லு. நீதான கூறு சொல்றவன்?”

ரயிலில் பக்கத்து இருக்கைப் பெண் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். பல காரணங்கள் மனதில் ஓடின. ஊர் பேசுவதைத் தாங்குவது எனக்கு எளிது. நான் அந்தத் தெருவில் நடப்பதில்லை. பேச்சு கேட்கப் போவது அண்ணியும் அவர் மகனும் இவர்கள் இருவரும்தான். அதனால் தைரியம் சொல்கிற உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது. அதே சமயம், வேண்டாம் என்றால் எல்லாம் முடிந்துவிடும். அண்ணி இரண்டாவது தடவையாக வீட்டிலேயே நிறுத்தப்படுவார். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

“தண்ணியாண்ட உட்கார்ந்தவங்களுக்குக் கூறு. அது ஆம்பளையா இருக்கணும்னு நாம என்னிக்கும் பேசி வச்சதில்லை, ஏழுமலை.”

“அதுவும் சரிதான்” என்றான் அவன். “ஒண்ணு சொல்லட்டுமா? அவன் இருந்திருந்தா வாணாம்னுதான் சொல்லியிருப்பான். அவன் சொன்னா நாமளும் தலையாட்டியிருப்போம். அதான் சாமி எனக்குக் கஷ்டமா கீது.”

7

நேற்று ஞாயிறு. நாலரைக்கு முன்பே ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். யாமினி தன் வீட்டுப்பாடத்துடன் எதிரே வந்து உட்கார்ந்தாள். நான் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவள் அம்மா சொல்லியிருக்கலாம்.

போன் அடித்தது. ஏழுமலை முதலில் பேசினான். ஏரி வழிந்தோடும் கலங்கல் பக்கம் தண்ணீர் நிறைய நிற்கிறது என்றான். ரத்தினம் இடையில் புகுந்தான்.

“சாமி, இங்க ஒரே அநியாயம். வந்து உக்காந்த உடனே அண்ணி நாலு ஜிலேபி மீனு தூக்கிட்டாங்க. நான் காலைலேர்ந்து ஒத்தக் கெண்டையோட கீறேன்.”

“அவரு பேசிகினே இருந்தா மீன் எப்டி சாமி வரும்?” என்றது அண்ணியின் குரல், சற்றுத் தொலைவிலிருந்து. “வாயை மூடிகினு தக்கையைப் பாக்கணும்.”

ஏழுமலை சிரித்தான். ரத்தினம் சிரிக்கவில்லை போலிருந்தது. பிறகு அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. நாலாவது குரல் ஒன்று அதில் இருந்திருக்க வேண்டும் என்பது ஒரே நொடியில் எல்லாருக்கும் தோன்றியிருக்கும்.

“சரி சாமி, கூறு போட்டாச்சி. மூணு” என்றான் ஏழுமலை. “இது யாருக்கு?”

“ரத்தினம்.”

பையில் மீன் விழும் ஓசை கேட்டது.

“இது?”

என் நாக்கு அங்கே ஒரு கணம் நின்றது. பழக்கத்தில் எந்தப் பெயர் வரும் என்று எனக்குத் தெரியும். அதை விலக்கி வைத்துவிட்டு, “அண்ணி” என்றேன்.

“அண்ணி இன்னா அண்ணி” என்றார் அவர். இப்போது போனுக்கு மிக அருகில் இருந்தார். “இவங்களுக்கெல்லாம் பேரைத்தானே சொல்றீங்க? எனக்கும் பேரு கீதுல்ல?”

இத்தனை வருடத்தில் அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த வீட்டுக்கு வரும் தபால்களின் மேல் படித்ததோடு சரி.

“நிர்மலா” என்றேன்.

மறுபடியும் பையில் மீன் விழுந்தது. அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அது அழுகையா, ஏரிக்காற்றா என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

“மீதி ஒண்ணுதான். அது எனக்குன்னு எனக்கே தெரியும்” என்றான் ஏழுமலை. “போனை வைக்கட்டா சாமி?”

“இருங்க, அது எப்டி?” என்றார் நிர்மலா அண்ணி. “நீங்களா எடுத்துகினா அது கூறா? சாமி சொல்லட்டும்.”

ஏழுமலை காத்திருந்தான். எதிரே யாமினி பேனாவை மூடி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது யாருக்கு?” என்று கேட்டார் அண்ணி.

“ஏழுமலை” என்றேன்.